டேப்பைத் தாண்டி ஓடுகிறவர்

அவரோடு டாக்கி பார்க்கப் போன யாரும் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை. திரையில் கதாநாயகி விஷக் கோப்பையைக் கையில் எடுத்திருப்பாள், நாயகன் குதிரை மேல் பறந்து வந்துகொண்டிருப்பான். இவர் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "ஏல, எந்திரி, போவோம்" என்பார். முதல் தடவை நான் நகரவில்லை.

"அண்ணா, அவ குடிக்கறாளா இல்லையான்னு தெரிய வேண்டாமா?" என்றேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? முடிஞ்சதும் லைட்டப் போட்டு எல்லாரையும் வெளிய போன்னுவான். அவன் சொல்லுததுக்கு முந்தி நாமளே எந்திரிச்சிட்டா, நம்மள யாரும் போகச் சொன்னதா ஆகாதுல்லா?"

பின்வரிசைக்காரர்கள் திட்டத் திட்ட நாங்கள் வெளியே வந்தோம். அந்தப் பெண் விஷம் குடித்தாளா என்பது எனக்கு இன்று வரை தெரியாது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில் கௌரவமாக வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் அப்பா வேண்டுமென்றே வருஷா வருஷம் பரீட்சையில் பெயிலானவர் என்று எழுதிவிட்டு, நாளைக்கு நான் அந்தக் கடைக்குப் போய் ஒரு துண்டு கூட வாங்க முடியாது. கல்லூரியின் பெயரும் வேண்டாம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம் என்பது போதும். நான் சேர்ந்தபோது யுத்தம் ஆரம்பித்திருந்தது. அவர் அதற்கும் வெகு முன்னாலேயே சேர்ந்து, இன்னும் பி.ஏ. கடைசி வருஷத்தில் இருந்தார்.

திருநெல்வேலிக்காரர். ஹாஸ்டல்வாசி. ஒரு மைல் ஓட்டத்தில் எங்கள் கல்லூரிக்கு அவர்தான் எல்லாம். நானும் மைல் ஓடுகிறவன் என்று பெயர். அதாவது அவர் குளித்து முடித்துத் தலை துவட்டும்போது நான் வந்து சேருவேன். அப்படியும் தினம் சாயங்காலம் அவர் பின்னால் ஓடினேன். "உன்னைக் காலேஜ்ல சேத்தது படிக்கவா, நாய் தொரத்தறாப்ல ஓடவா?" என்று நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் என் அம்மா கேட்பாள்.

அவர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஓட்டம் நினைவில் இருக்காது. அது முடிந்த பிறகு நடப்பதுதான் நினைவில் இருக்கும். கம்பளி நூல் டேப்பு மார்பில் பட்டு அறுந்துவிடும். கடிகாரம் பிடித்தவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். பிரின்சிபால் கைகுலுக்க இரண்டடி முன்னே வந்து நிற்பார். இவர் நிற்க மாட்டார். அறுந்த நூல் தோளில் பறக்க அடுத்த வளைவைத் தாண்டி இன்னும் ஒரு சுற்று போய்க்கொண்டே இருப்பார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பிரின்சிபால் கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொள்வார். ஒரு தடவை எதிர்க் கல்லூரிப் பையன் ஒருவன், இன்னும் ஒரு சுற்று பாக்கியிருக்கிறதோ என்று பயந்துபோய் இவர் பின்னாலேயே ஓடி, பாதி வழியில் குப்புற விழுந்தான்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ள முனுசாமி என்று ஒருவர் இருந்தார். சுண்ணாம்புக் கோடு போடுவது, குழி தோண்டி மணல் நிரப்புவது, வலை கட்டுவது எல்லாம் அவர் வேலை. மைல் ஓட்டம் வந்தால் மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. டேப்புக்கு அந்தப் பக்கம் கூட்டம் மொய்க்காமல் பாதையைத் திறந்து வைக்க வேண்டும். "ஒதுங்கு, ஒதுங்கு! அவரு நிக்க மாட்டாரு!" என்று கைகளை விரித்துக்கொண்டு கத்துவார். இந்தக் குரல் கேட்டால் மணி பார்க்காமலே மைல் ஓட்டம் முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

"டேப்பைத் தொட்டாச்சே, நின்னா என்ன?" என்று அவரைக் கேட்டிருக்கிறேன்.

"நின்னா முடிஞ்சு போச்சுல்லா" என்றார்.

நின்றால்தான் இப்படி என்றில்லை. உட்கார்ந்தாலும் இதே தொல்லைதான். ஹாஸ்டல் சாப்பாட்டில் மோர் வருவதற்குள் இலையை மடித்துவிடுவார். நாவல் படித்தால் கடைசி அத்தியாயத்தை எனக்குத் தள்ளிவிடுவார். எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். வகுப்பில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாராலும் ஒரு வரி நேராக எழுத முடியாது. ஹாஸ்டல் வார்டன்தான் எங்களுக்குத் தர்க்க சாஸ்திர ஆசிரியர். "நீ காலை ஆட்டுகிறாய், பெஞ்சு ஆடுகிறது, பெஞ்சு ஆடுவதால் வகுப்பு ஆடுகிறது. ஆகவே நீ வெளியே போகலாம்" என்பார். இவர் சந்தோஷமாகப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனுஷனை ஒரு துணிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைப்பது என்று அவருடைய தாய்மாமா முடிவு செய்திருந்தார். பிரச்சினையே அதுதான்.

மாமாவுக்குத் தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம், புதிதாகத் துணிக்கடை. தகப்பனார் இல்லாத இவரைப் படிக்க வைத்தவர் அவர். ஏற்பாடு ரொம்பத் தெளிவானது. பி.ஏ. பாஸ் பண்ணிய மறுநாள் கடையில் உட்கார வேண்டும். அடுத்த தை மாதம் மாமா பெண்ணோடு கல்யாணம். கடைப் பலகையில் மாமாவின் பெயருக்குக் கீழே இவருடைய பெயரும் எழுதியாகிவிட்டது. பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று எழுத இடம் விட்டு வைத்திருந்தார்கள். அந்த வெற்றிடம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெண்ணை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அவள் கையால் சுட்ட முறுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா மூலம் ஹாஸ்டலுக்கு வரும். முதல் முறுக்கை எனக்குக் கூடத் தர மாட்டார். "அவளக் கட்டிக்கிடுதேம்ல. கடையில எப்படி நாள் பூரா உக்காந்திருக்கது?" என்பார்.

அந்தக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. பெயிலானவர்கள் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கோப்பை வாங்கித் தருகிற பையன் என்றால் பிரின்சிபாலின் பேனா தயங்காது. ஊரில் எல்லாக் கல்லூரியிலும் இப்படி ஒன்றிரண்டு நிரந்தர மாணவர்கள் இருந்தார்கள், ஒருவரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஆள் மற்ற பரீட்சைகளிலெல்லாம் எப்போதோ தேறிவிட்டார். தமிழை மட்டும் மீதி வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் தமிழ்ப் பரீட்சைக்குப் போவார், பெயரும் நம்பரும் எழுதுவார், வெளியே போகலாம் என்று அனுமதிக்கிற முதல் நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுவார். திருநெல்வேலிக்காரன் தமிழில் பெயிலாவதா என்று எங்கள் தமிழ்ப் பண்டிதர் தலையில் அடித்துக்கொள்வார்.

மாமாவோ ஒரு தடவை கூடக் கோபித்ததில்லை. "பெயிலானா என்ன மருமவனே? ஆனைக்கும் அடி சறுக்கத்தான செய்யும்? மறுவாட்டி எழுது. பெயின்டரு எங்கயும் ஓடிப் போயிர மாட்டான்" என்று முறுக்குப் பொட்டலத்தை மேஜையில் வைப்பார். அவர் போன பிறகு இவர் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். மனுஷருக்கு மனசாட்சி இல்லாமல் இல்லை. கால்தான் கேட்கவில்லை.

யுத்தம் கிழக்கே நெருங்கி, கடற்கரையோரம் எல்லாம் முள்கம்பி போட்ட வருஷம் அது. அந்த வருஷத் தமிழ்ப் பரீட்சையன்றும் வழக்கம் போல நான் கல்லூரி வாசலில் சைக்கிளோடு காத்திருந்தேன். அவர் சீக்கிரம் வந்துவிடுவார், இரண்டு பேரும் ஆற்றங்கரைப் பக்கம் ஓடப் போவதாகத் திட்டம். அவர் வெளியே வர வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அபாயச் சங்கு ஊதிற்று. ஒத்திகையா நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் சைக்கிளைப் போட்டுவிட்டு, சாலையோரம் வெட்டி வைத்திருந்த பதுங்கு குழிக்குள் ஒரு மோர்க்காரியின் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விமானமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஆபத்து நீங்கியது என்று சொல்லும் இரண்டாவது சங்கும் லேசில் வரவில்லை.

வெகு நேரம் கழித்து அது ஊதியது. இன்னும் வெகு நேரம் கழித்து, எல்லாரோடும் கடைசியாக அவர் வெளியே வந்தார். வலது கை விரலெல்லாம் மசி.

"என்ன அண்ணா இது?"

"சங்கு ஊதினதும் பெஞ்சுக்கு அடியில பதுங்கச் சொன்னாங்க. பதுங்கினோம். ஒண்ணுமில்லேன்னதும் எந்திரிச்சு உக்காருங்க, ரெண்டாஞ் சங்கு வார வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. எம்புட்டு நேரந்தாம்ல சும்மா இருக்கது? கால ஆட்டினேன். வார்டன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, ஆட்டாதேங்காரு. கைய ஆட்டினேன்."

"எழுதிட்டேளா?"

"எதுத்தாப்ல கேள்வித்தாளு கெடந்துச்சு. ஒண்ண எழுதினேன். பெறவு இன்னொண்ணு. ரெண்டாஞ் சங்கு ஊதினதே காதுல விழல. அட, பாஸாகுத அளவுக்கெல்லாம் இருக்காதுல. நீ சைக்கிள எடு."

அன்று ஆற்றங்கரையில் அவர் வழக்கத்தை விட வேகமாக ஓடினார். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரே காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு எல்லாரும் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் ஓடினார்கள். எங்கள் வீட்டில் கும்பகோணத்துக்குப் போனோம். மாமாவும் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். பயம் தெளிந்து ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த சமயத்தில் பரீட்சை முடிவு வந்தது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நான்தான் போனேன். அவர் நம்பர் அதில் இருந்தது.

"நல்லாப் பாருல. அச்சுப் பிழையா இருக்கும்."

நல்லாப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே வார்டன் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"சார், பேப்பர மறுபடி திருத்தச் சொல்ல முடியுமா?"

"பெயிலானவன் கேட்பான். நீ பாஸாகியிருக்கிறாய். உனக்கு எதற்கு?"

"நான் அவ்வளவு நல்லா எழுதல சார்."

வார்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?"

"எழுதினது நான்தான சார்? வேற என்ன ஆதாரம் வேணும்?"

வார்டன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவர் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இந்த வாரத்துக்குள் அறையைக் காலி பண்ணிக் கொடுத்துவிடு அப்பா" என்றார் மெதுவாக. "இனிமேல் நீ எங்கள் பழைய மாணவன். ஸ்போர்ட்ஸ் டேக்குக் கட்டாயம் வா. பழைய மாணவர் ஓட்டம் இருக்கிறதே."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் பழைய மாணவர் ஓட்டம் என்பது என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் டேயில் டீ, பிஸ்கோத்துக்குப் பிறகு, பரிசளிப்புக்கு முன்னால், ஜனங்கள் சிரிப்பதற்காக வைக்கிற நூறு கஜ ஓட்டம் அது. வக்கீல்களும் தாசில்தார்களும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தியைக் கையால் தாங்கியபடி ஓடி வருவார்கள். அதற்குத் தொந்தி ஓட்டம் என்று பெயர் வைத்தவரே இவர்தான். மைதானத்தில் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறவரும் இவர்தான்.

மாமா வாடகை ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தார். பெயின்டர் ஏற்கெனவே ஏணி போட்டுவிட்டானாம். பெட்டியை ஏற்றும்போது நான் அவரைத் தனியே இழுத்து, "வேற காலேஜ்ல எதாவது படிப்புல சேந்துடுங்கோளேன். அவாளுக்கு ஓடலாமே" என்றேன்.

"இத்தன வருசம் நான் பெயிலானதுக்கெல்லாம் மாமாதாம்ல பணங் கட்டுனாரு. ஒரு வார்த்த கேட்டதில்ல. இன்னும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்லுத?" என்றார். ஜட்கா நகர்ந்த பிறகு முனுசாமி வேலியோரம் வந்து நின்று, "இன்னா சார், அவரு மெய்யாலுமே போறாரா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறு வருஷம் விளையாட்டுக் காரியதரிசி நான். ஸ்போர்ட்ஸ் டேக்கு அழைக்கக் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் பட்டு ஜிப்பாவும் விபூதியுமாக உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆகி ஒரு மாதம், கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது. கடைக்குள் நுழைந்ததிலிருந்து சலசலவென்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன என்று பார்த்தால், அவர் கால் ஆடுகிறது, மேஜை ஆடுகிறது, கல்லாவுக்குள் சில்லறை குலுங்குகிறது.

"கேட்டீயளா தம்பி?" என்றார் மாமா பெருமையாக. "மருமவன் உக்காந்த நாள்லேருந்து கல்லா சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. லச்சுமி நடமாடுதா."

அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று மாமாவிடம் சொல்ல முடியுமா?

"ஓடறதுண்டா அண்ணா?" என்றேன் தணிந்த குரலில். "பார்க் எதிர்க்கவே இருக்கே. கார்த்தாலே ஒரு சுத்து?"

"துணிக்கடைக்காரன் டவுசரப் போட்டுக்கிட்டுப் பார்க்கச் சுத்தி ஓடினா, கடை திவாலாகி ஓடுதாம்னு சொல்லிருவாங்கல. ஒருநாள் ஓடினேன். அன்னைக்கு மத்தியானமே ரெண்டு பேரு மாமாகிட்ட வந்து விசாரிச்சிட்டுப் போனாங்க."

அப்போது கம்பளி நூல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. டேப்புக்கு வழியில்லை என்று சொன்னேன். உடனே எழுந்து, மல் துணியில் ஒரு கரை ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரே இழுப்பில் நீளமாகக் கிழித்தார். "இந்த அகலம் போதுமால?" என்று கேட்டுக்கொண்டே முழங்கைக்கும் விரலுக்கும் நடுவே சுற்றி மடித்துக் கொடுத்தார். மடிப்பு வெகு நேர்த்தியாக இருந்தது.

ஸ்போர்ட்ஸ் டேயன்று மைல் ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தேன். அவர் இல்லாததுதான் காரணம், வேறொன்றும் இல்லை. டேப்பைத் தொட்டதும் சமர்த்தாக நின்று பிரின்சிபாலோடு கைகுலுக்கினேன்.

பழைய மாணவர் ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது அவர் நாற்காலி வரிசையிலிருந்து எழுந்தார். ஒரு பக்கம் மாமா, இன்னொரு பக்கம் அரக்குப் புடவையில் புதுப்பெண். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. அங்கவஸ்திரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, வேஷ்டியை இறுக்கி மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கோட்டில் நின்றார். இந்தப் பக்கம் ஒரு வக்கீல், அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர். பையன்கள் அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

துப்பாக்கி வெடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. தொந்திகள் பின்னால் குலுங்கி வந்துகொண்டிருக்க, அவர் தனியாக வந்தார். அதே ஓட்டம். தலை அசையாது, தோள் அசையாது, பாதம் தரையில் பட்டதா என்று சந்தேகமாக இருக்கும். புதுப்பெண் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். டேப்புக்கு அந்தப் பக்கம் முனுசாமி கைகளை விரித்துக்கொண்டு ஓடினார்.

"ஒதுங்கு, ஒதுங்கு! இன்னா நைனா மொறைச்சிக்கினு நிக்கிறே, அந்தாண்ட போ! அவரு நிக்க மாட்டாரு!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வளைவு வரைக்கும், வளைவைத் தாண்டியும், பாதை சுத்தமாகத் திறந்து கிடந்தது. போங்கோ அண்ணா, போங்கோ என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

துணி அவர் மார்பில் பட்டது. பிடித்திருந்த இரண்டு பையன்களும் விட்டுவிட்டார்கள். அவர் இரண்டு எட்டு வைத்து நின்றார்.

எதிரே திறந்து கிடந்த பாதையை அவர் பார்க்கக்கூட இல்லை. கழுத்தில் சுற்றியிருந்த துணியை எடுத்து, அழுக்குப் பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு முழங்கைக்கும் விரலுக்கும் நடுவே சுற்றிச் சுற்றி மடிக்க ஆரம்பித்தார். வக்கீலும் இன்ஸ்பெக்டரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். முனுசாமி விரித்த கைகளை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

மடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து கொடுத்தார். "அழுக்காகலல. அடுத்த வருசத்துக்கும் ஆகும், பத்திரமா வையி."

போய் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பித்தளைக் கூஜா ஒன்று பரிசு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். பரிசளிப்பு முடிந்தது, தலைவர் பேசினார், பிரின்சிபால் பேசினார். வெயில் இறங்கி, பின்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தன. நன்றியுரை சொல்ல வேண்டியவன் நான். மேடையிலிருந்து பேசும்போது என் கண் அவருடைய வலது காலிலேயே இருந்தது. கடைசி ஆளுக்கு நன்றி சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கால் ஆடவும் இல்லை.